ஒன்பதாம் இலக்கத்துக்கு வந்த அனுதாபங்கள்

எனக்கு மலைகளைக் கண்டால் ஆகாது. தலைமன்னார் முனையிலிருந்து அடம்பன் வயல்வெளி வரைக்கும் தேடினாலும் ஏறி நின்று மூச்சு வாங்க ஒரு மேடு அகப்படாத இடம் எங்களுடையது. அப்படியிருந்தும், நான் சித்திரம் படிப்பித்த காலம் முழுக்க, "விரும்பிய காட்சியொன்றை வரைக" என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு மலைகளைக் கீறி நடுவில் சூரியனைக் குந்த வைத்துவிடுவார்கள். கீழே ஓர் ஆறு, அதில் இரண்டு அன்னப்பறவைகள். அன்னத்தை அந்தப் பிள்ளைகளும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. ஓய்வு பெற்றபோது எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி, இனி அந்தச் சூரியனுக்குப் புள்ளி போட வேண்டியதில்லை என்பதுதான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவன் என் சித்தியின் மகன். அவன் கனடாவில் இருக்கிறான். எங்கள் ஊருக்கென்று முகநூலில் ஒரு குழுவை நடத்துகிறான். எங்கள் ஊர் பெருநிலப்பரப்பில், அடம்பனுக்கு அப்பால், ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் கடலுமாக உள்ளது. வயல் பக்கம் சைவக் குடும்பங்கள், கரைப் பக்கம் எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள். சண்டையில் ஊர் முழுவதும் எழும்பிப் போய், மீள்குடியேற்றத்தில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்து, மிச்சப் பேர் உலகம் முழுக்கச் சிதறிப் போன ஊர். நான் திரும்பிப் போகவில்லை. மன்னார்த் தீவுக்குள், தாராபுரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பின்பக்க அறைகளை வாடகைக்கு எடுத்து இருந்துவிட்டேன். ஊர் எனக்குக் கைத்தொலைபேசிக்குள்தான் இருந்தது.

அந்தக் குழுவில் வருபவை பெரும்பாலும் மரண அறிவித்தல்கள். ஒரு முகம் வரும். அதன் கீழே கூப்பிய கைகளும் கண்ணீர்த்துளிகளும் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்ற வரியும் மளமளவென்று விழும். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அனுதாபம் தெரிவித்து முடித்துவிடுகிற ஆட்கள் எங்களூரில் உண்டு. ஒருவர் எழுதினால் மற்றவர் எழுதாமல் விடுவது மரியாதைக் குறைவு. செத்தவர் யாரென்பதைப் பிறகு ஆறுதலாகக் கேட்டுக்கொள்ளலாம்.

"அக்கா, எங்கட ஆக்கள் குழுவுக்கு வாறதே ஆர் செத்தது எண்டு பாக்கத்தான்," என்றான் தம்பி ஒரு நாள். "ஒரு சித்திரப் போட்டி வைப்பம். சித்திரம் எண்டு கூட இல்லை, கையால செய்த எதுவும் அனுப்பலாம். நீங்கள்தான் நடுவர்."

"கேக்கும் படமும் ஒரே போட்டியிலயோ? நாளைக்கு ஒருத்தி மீன் குழம்பை அனுப்பினால்?"

"அதுக்கும் புள்ளி போடுங்கோ."

நான் மாட்டேன் என்றேன். அவன் விடவில்லை. இரண்டாவது நடுவராகச் சுருபக்காரர் ஒருவரைப் பிடித்திருந்தான். கோயில்களில் உடைந்து கிடந்த சுருபங்களுக்கு மூக்கு வைத்து, கை வைத்து, வர்ணம் பூசிக் கொடுப்பவர் அவர். மீள்குடியேறிய நாளிலிருந்து அவருக்கு ஓய்வே கிடையாது. எங்கள் பக்கத்துப் புனிதர்களில் பெரும்பாலானோருக்கு இப்போது இருப்பது அவர் வைத்த மூக்குத்தான். மூன்றாவது நடுவர் தம்பியே. ஒழுங்கும் அவனுடையதுதான்: முடிவு வரும் வரை குழுவில் பெயர் போடக் கூடாது, விளக்கம் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும். பெயர் தெரிந்தால் சொந்தக்காரர் எல்லோரும் திரண்டு வந்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம்.

முதலாவதாக வந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? இரண்டு மலைகள், நடுவில் சூரியன். தொலைபேசியைச் சுவரில் எறியலாமா என்று யோசித்தேன். அனுப்பியவர் சுவிஸில் இருக்கிறார் என்று தம்பி சொன்னான். அவருக்கு மலை உண்டு, சரி, மன்னித்துவிட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு வந்தவை என்னைக் கதிரை நுனியில் இருத்தி வைத்தன. பென்சிலால் கீறிய ஒரு படம்: சைக்கிளில் கூரைத் தகரம் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் காற்றுக்கு எதிரே போகிறார். தகரம் அவரை முழுக்க மறைத்துவிட்டது. ஒரு பாதமும் மிதிகட்டையும்தான் தெரிகின்றன. அந்தப் பாதம் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதிலேயே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தது. அடுத்தது ஒரு புகைப்படம். பஸ் தரிப்பிடத்தின் நிழலுக்குள் மன்னார்க் கழுதைகள் உரிமையோடு படுத்திருக்க, பயணிகள் வெளியே வெயிலில் குடை பிடித்து நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. இப்படி ஒரு கணத்துக்காக அந்த மனிதர் எத்தனை பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

கட்டுக்கரைக் குளத்தை வைக்கோலில் செய்து அனுப்பியிருந்தார் இன்னொருவர். வைக்கோலைப் பிளந்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, கூடச் சூடு பட்டால் கபிலம், குறையப் பட்டால் பொன்னிறம் என்று நிறங்களையெல்லாம் சூட்டிலேயே எடுத்திருந்தார். வைக்கோலின் மினுங்குகிற பக்கத்தை வெளியே வைத்த இடமெல்லாம் தண்ணீராகிவிட்டது. கரையொதுங்கிய செருப்புகளால் ஒரு மீனவர் நண்டு செய்திருந்தார். நண்டின் கால் மடிய வேண்டுமே, அதற்கு என்ன செய்தார் தெரியுமா? செருப்பு வாரின் நுனியில் இருக்கும் குமிழையே மூட்டாகப் போட்டுவிட்டார். ஐசிங்கால் எங்கள் கோயிலைக் கட்டிய கேக்கும் வந்தது. மணிக்கூண்டு கொஞ்சம் சரிந்திருந்தது. சரிந்த பக்கத்தில் ஒரு கொடியை நட்டு, அது காற்றுக்குச் சாய்வது போல ஆக்கியிருந்தாள் செய்தவள். நேரில் பார்க்கலாமா என்று கேட்டோம். பிள்ளைகள் தின்று முடித்துவிட்டார்கள் என்று பதில் வந்தது.

கேக்கையும் பென்சிலையும் எப்படி ஒரு தராசில் போடுவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்த பிரச்சினையை அந்தக் கொடிதான் தீர்த்து வைத்தது. எந்தப் பொருளாக இருந்தாலும் செய்பவரை ஓரிடத்தில் மறிக்கும். நண்டுக்காரரைக் கால்மூட்டு மறித்தது, கேக்குக்காரியைச் சரிந்த மணிக்கூண்டு மறித்தது. மறித்த இடத்தில் அந்தக் கை என்ன செய்தது என்று பார்த்தால் போதும். மற்றவையெல்லாம் சாமானின் விலை. இதைச் சுருபக்காரரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எனக்கு முகம் சரியா இருக்கோணும் ரீச்சர்," என்றார். அவருக்கு நண்டிலும் முகம் வேண்டும்.

ஒன்பதாம் இலக்கம் ஒரு முகம். தலையணை உறை அளவு வெள்ளைத் துணியில் நூலால் தைத்த ஓர் ஆணின் முகம், கறுப்புப் பிரேமுக்குள். நாற்பதைக் கடந்த ஆள். காதுக்கு மேலே நரை. அந்த நரையை நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் நிற நூலை அடைத்துத் தைக்காமல், கறுப்பு மயிருக்கு இடையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டிருந்தாள் தைத்தவள். அந்தக் கைக்கு முழுப் புள்ளி போடத் தயாராகிவிட்டேன். ஆனால் படம் மங்கலான அறையில் எடுக்கப்பட்டது. பிரேமின் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு அரைவாசி வெளுத்துக் கிடந்தது.

"வாய் கோணலாக் கிடக்கு," என்றார் சுருபக்காரர். "பாரிசவாதம் வந்த ஆள் மாதிரி. தலைமயிரில காட்டின கவனத்தை வாயில காட்டேல்லை."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வாய் மறித்த இடத்தில் இந்தக் கை தோற்றுவிட்டது என்று நினைத்து, புள்ளியைக் கொஞ்சம் குறைத்தேன்.

தம்பி எல்லா ஆக்கங்களையும் இலக்கத்தோடு குழுவில் ஏற்றினான். கழுதைகளுக்குச் சிரிப்பு விழுந்தது, கேக்குக்கு இதயம் விழுந்தது. ஒன்பதாம் இலக்கத்துக்கு முதலில் விழுந்தது, ஜெர்மனியிலிருந்து, கூப்பிய கைகள். கறுப்புப் பிரேம், நடுவில் ஒரு முகம், பெயர் கூட இல்லை. எங்களூர்க் குழுவில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அடுத்தவர் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார். அதற்கடுத்தவர் "ஆத்மா சாந்தியடையட்டும்" என்றார். மூலையில் சிறிதாக இருந்த ஒன்பதை ஒருவரும் காணவில்லை. கண்டவர்களும் ஒன்பதாம் நாள் என்று நினைத்தார்களோ என்னவோ. கனடாவில் நடுச்சாமம், யாருடைய ஆக்கம் என்று தெரிந்த தம்பி நித்திரையில்.

பிறகு ஒருவர் முகத்தை அடையாளம் கண்டார். "இது வயல் பக்கத்து அண்ணை எல்லோ? எப்ப அறிஞ்சது? உடலை எங்க எடுத்தது?"

வயல் பக்கத்து அந்த மனிதர் கடைசிச் சண்டைக் காலத்தில், சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து போன வழியில் காணாமற்போனவர். மனைவி திரும்பி வந்து, வயலை மீண்டும் திருத்தி, அவருடைய அண்ணனின் துணையோடு செய்துகொண்டிருந்தாள். எங்காவது இருக்கிறார், வருவார் என்பது அவளுடைய முடிவு. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று அரசாங்கக் கந்தோர்க்காரர் பல தடவை சொல்லியும் அவள் கையெழுத்து வைக்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆகவே முகம் அடையாளம் தெரிந்ததும், உடல் கிடைத்துவிட்டது என்று ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. அனுதாபம் இன்னும் வேகமாக விழுந்தது.

எங்களூரில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. மீள்குடியேறியவர்கள் வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே தொடங்கிய சங்கம். துக்க வீட்டார் கதிரை கேட்டு அலையக் கூடாது, அவர்கள் கேட்பதற்கு முன் கதிரை முற்றத்தில் நிற்க வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. இப்படி ஓர் ஒழுங்கை யோசித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அன்றைக்கும் சங்கத் தலைவர் ஒழுங்குப்படியே செய்தார். தொலைபேசியில் முகத்தைக் கண்டார், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பிளாஸ்டிக் கதிரைகளையும் பந்தல் தறப்பாளையும் ஏற்றினார், நேராக அவள் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் இறக்கத் தொடங்கினார்.

அவள் கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தாள். கதிரைகளைப் பார்த்தாள்.

"அண்ணை, ஆர் செத்தது?" என்று கேட்டாள்.

தலைவர் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினார். தான் தைத்த முகத்தை, கூப்பிய கைகள் நிரம்பிய கீழ்ப்பக்கத்தோடு, அவள் அப்போதுதான் பார்த்தாள். அழவில்லை. வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கதிரைகளைத் தானும் சேர்ந்து பெட்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, போட்டி அறிவித்தலில் இருந்த என் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தாள்.

"ரீச்சர், ஒன்பதாம் இலக்கம் நான்தான்."

அந்த நேரம் எனக்கும் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க முடியாத அந்தப் பெருவிரல்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி அடிமட்டத்தால் இரண்டு அடி போட வேண்டும் போல இருந்தது. "பிள்ளை, தம்பிட்டச் சொல்லிப்போட்டன். இப்ப படத்தை எடுத்துவிடுவான்," என்றேன்.

"எடுக்க வேண்டாம், ரீச்சர். எடுத்தா என்ன, கும்பிட்டவை கும்பிட்டதுதான். அவர் செத்தவராத்தான் நிப்பார். படம் கிடக்கட்டும். எழுதினவை தாங்களாப் பாத்து மாத்தோணும்."

"அப்ப ஒரு அறிவித்தல் போடச் சொல்லட்டோ?"

"என்னெண்டு போடுவியள்? காணாமற்போனவர் எண்டு போட்டா அதுக்கும் அழுவினம். சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தினை தரம் கேட்டவை. நான் எடுக்கேல்லை. இப்ப ஊரே ஒரு காலமைக்குள்ள எழுதிக் குடுத்திட்டுது. எனக்குப் பரிசு வேண்டாம். எழுதினதைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ."

அது என் கையில் இருந்த வேலையா? உயிரோடு இருக்கிறார் என்று எழுத எனக்கு என்ன தெரியும்? பொய் எழுத நான் தயாராக இல்லை. அவள் கேட்டதும் பொய்யல்ல. தம்பி இரண்டு மூன்று அறிவித்தல்களை எழுதி அனுப்பினான். எல்லாமே வாசித்தால் மரண அறிவித்தல் போலவே இருந்தன. எழுதிப் பழகிய கை. "ஒண்டும் போடாதை," என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை சுருபக்காரரையும் கூட்டிக்கொண்டு அடம்பன் பஸ் ஏறினேன். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் ஆக்கத்தைப் போய் நேரில் பார்ப்பது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

பாலத்தைக் கடந்து, அடம்பனில் இறங்கி, ஆட்டோவில் போனோம். அறுவடைக் காலம். வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் பரவிக் கிடந்தது, ஆட்டோ மற்றப் பக்கத்தால் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. அவளுடையது வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு, இன்னும் பூசாத கல் சுவர். முற்றத்தில் சாக்குப் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தது. கணவருடைய அண்ணன் வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தார்.

எங்களைக் கண்டதும் அவள் பிரேமைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் படிப்பித்த காலத்தில் எத்தனையோ தையலைப் பார்த்திருக்கிறேன். பூ, மயில், முயற்குட்டி. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தோலுக்கு ஒரே கபிலம் இல்லை. நெற்றியில் வெயில் பட்ட நிறம் வேறு, சட்டைக் கழுத்துக்குள் மறைந்த இடத்தின் நிறம் வேறு. கண்ணோரச் சுருக்கங்களை நூலால் போடாமல், இரண்டு தையல் வரிசைக்கு இடையில் துணியை வெறுமையாக விட்டு எடுத்திருந்தாள். துணியே சுருக்கமாக நின்றது. நான் இரண்டு தடவை கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

"படம் ஒண்டும் பாத்துத் தைச்சனியோ?"

"அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒண்டுதான் மிச்சம். அதில அவர் சின்னப் பெடியன். பாத்தால் இப்ப என்ர மகன் மாதிரிக் கிடக்கு. மகனை வைச்சு எப்பிடிக் குடும்பம் நடத்திறது?" என்று சிரித்தாள். "அதால இவற்ர அண்ணனை, அத்தானைப் பாத்துத் தைச்சன். அவையின்ர குடும்பத்துக்குக் காதுக்கு மேலதான் முதல் நரை. அத்தானுக்கு ஒவ்வொண்டா வர வர நான் இவருக்கும் போட்டன்."

முற்றத்தில் நடந்துகொண்டிருந்த அத்தான் அதைக் கேட்டு வெட்கப்பட்டார். தான் நரைப்பதற்கும் ஒரு பிரயோசனம் இருக்கிறதென்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

சுருபக்காரர் இவ்வளவு நேரமும் பொறுத்திருந்தார். இனி முடியாது. "பிள்ளை, எல்லாம் திறம். வாயை ஏன் கோணலா விட்டனி?"

அவள் முற்றத்தைப் பார்த்து, "அத்தான், நெல்லு காஞ்சிட்டோ?" என்றாள்.

அத்தான் குனிந்து ஒரு நெல்மணியை எடுத்தார். கடைவாய்ப் பல்லுக்கிடையில் வைத்தார். தாடை ஒரு பக்கம் இழுபட்டது, உதடு கோணியது, ஒரு கண் சற்றே சுருங்கியது. கடித்தார். பல்லுக்குள் நெல் உடையும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி ஒரு கணம் அப்படியே நின்றார். காய்ந்திருந்தால் படக்கென்று முறியும், ஈரம் இருந்தால் நசியும் என்று பிறகு சொன்னார்கள். சுருபக்காரர் கரைப் பக்கத்து ஆள், நான் தீவில் ஒதுங்கிய ஆள். மீனைச் செவிளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த எங்கள் இருவருக்கும் நெல்லைக் கடித்துப் பார்ப்பார்கள் என்பது தெரியாது.

நான் மடியைப் பார்த்தேன். அதே தாடை, அதே உதடு, அதே கண். சுருபக்காரர் பிரேமைப் பறித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடினார். உதட்டின் ஓரத்தில், கண்ணாடி மினுக்கத்தில் மறைந்து போயிருந்த இடத்தில், மஞ்சள் நூலில் ஒரே ஒரு தையல். ஒரு நெல்மணி.

"முதல்ல வாயை மூடித் தைச்சனான்," என்றாள் அவள். "பிரேமுக்குள்ள வைச்சுப் பாத்தால் துக்கப் படம். பிரிச்சன். சிரிக்க வைச்சன். சிரிச்சாலும் துக்கப் படந்தான், எல்லாரும் சிரிச்ச படந்தானே போடுகினம். திரும்பப் பிரிச்சன். வேலை செய்துகொண்டு நிக்கிற மனிசனைப் பாத்து ஆரும் அழமாட்டினம் எண்டு யோசிச்சுத்தான் இதைப் போட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. வாய் மறித்த இடத்தில் இந்தக் கை தோற்றதென்று நான் நினைத்தேன். என்ன நடக்கும் என்பதை இவள் முன்னமே கண்டு, அதற்கெதிராக ஒரு நெல்லை வைத்திருக்கிறாள். அந்த நெல்லை மறைத்தது ஒரு துண்டுக் கண்ணாடி.

பிரேமைக் கழற்றினோம். துணியை முற்றத்து வெயிலில், நெல்லுக்குப் பக்கத்தில் படங்கின் மீது விரித்தோம். சுருபக்காரர் நிழல் விழாமல் விலகி நிற்க, நான் முகத்தை ஒரு தடவையும் வாயைக் கிட்டத்தில் ஒரு தடவையும் படமெடுத்தேன். உதட்டோரத்து மஞ்சள் துலக்கமாக விழுந்தது. பஸ்ஸுக்கு வீதிக்கு வந்தபோதுதான் தொலைபேசியில் இணையம் எடுத்தது. தம்பிக்கு அனுப்பினேன்.

"கீழே என்ன எழுதிறது, அக்கா?"

"ஒண்டும் எழுதாதை. ஒன்பது எண்டு மட்டும் போடு."

பஸ்ஸில் சுருபக்காரர், "நான் இவ்வளவு காலமும் புனிதர்மாரின்ர வாயைச் சும்மா மூடி வைச்சிருக்கிறன், ரீச்சர்," என்றார். புனித சூசையப்பர் தச்சர்தானே, வாயில் ஓர் ஆணியைக் கவ்விக்கொண்டு நின்றால் என்ன என்று கேட்டார். பங்குத் தந்தையிடம் கேளுங்கோ என்றேன். ஒன்பதுக்கு முதலிடம் என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. நண்டுக்கு இரண்டாமிடம், சரிந்த மணிக்கூண்டுக்கு மூன்றாமிடம். தம்பிதான் தயங்கினான்.

"பரிதாபத்தில குடுத்ததெண்டு சொல்லுவினம், அக்கா."

"பரிதாபத்துக்கு நான் புள்ளி போடுறதெண்டால் உன்ர இரண்டு மலைக்கும் அந்தக் காலத்திலயே போட்டிருப்பன்," என்றேன். அவனும் என்னிடம் சித்திரம் படித்தவன்தான். அதற்கு மேல் பேசவில்லை.

அன்று பின்னேரம் வரை படத்தின் கீழ் ஒன்றும் விழவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை என்றில்லை, பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். நான் தொலைபேசியைத் தலைகீழாக வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தேன். வீட்டுக்காரம்மா வந்து, பரீட்சை முடிவு ஏதும் பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

முதலில் எழுதியவர் கதிரை இறக்கிய தலைவர். வயல்காரர். கூப்பிய கை இல்லை, கண்ணீர் இல்லை, மன்னிப்புக்கூட இல்லை. அந்த முகத்தை நேரே பார்த்து, வேலியால் எட்டிக் கேட்பதைப் போல எழுதியிருந்தார்: "நெல்லு காஞ்சிட்டோ, தம்பி?"

அதன்பின் பிரான்சிலிருந்து ஒருவர், வயலை விட்டுப் போய் எத்தனையோ வருடமான ஆள்: "முகத்தைப் பாத்தால் ஈரம் கிடக்குப் போல." இன்னொருவர்: "மழை குணம் தெரியுது, அள்ளிப்போடுங்கோ அண்ணை." இன்னொருவர் இந்த முறை என்ன நெல் விதைத்தது என்று கேட்டார். நான் குழுவில் பின்னுக்குப் போய் முதல் நாள் படத்தைப் பார்த்தேன். கூப்பிய கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. ஜெர்மனிக்காரர் தன்னுடையதை எடுத்துவிட்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று போயிற்று. எங்களூர்ச் சனத்தின் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பின்னேரத்தோடு இறங்கிவிட்டது. அவ்வளவு அவசரமாக அழத் தெரிந்தவர்கள், அதை இவ்வளவு நயமாகத் திருப்பி எடுக்கவும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

திரும்பிப் புதுப் படத்துக்கு வந்தபோது தலைவரின் கேள்விக்குப் பதில் வந்திருந்தது. அவள்தான் எழுதியிருந்தாள்.

"இன்னும் ஒரு வெயில் காணோணுமாம், அண்ணை."